மோரோவின்டில் மந்திரமேற்றல்: வெற்றி வாய்ப்பு எங்கே தொலைகிறது

கேள்வி இதுதான். மோரோவின்ட் என்ற கணினி விளையாட்டை விளையாடுகிறீர்கள். உங்கள் பாத்திரத்தின் என்சான்ட் திறன், அதாவது பொருட்களில் மந்திரமேற்றும் திறன், 48, இன்டெலிஜென்ஸ் 65, லக் 40. கோல்டன் செயின்ட் என்ற உயிரினம் ஒன்றின் ஆன்மாவை, ஆன்மாவை அடைத்துவைக்கும் கல்லான கிராண்ட் சோல் ஜெம்மில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். எக்ஸ்க்விசிட் ரிங் ஒன்றில், அணிந்திருக்கும் வரை நொடிக்கு 2 புள்ளி உயிர் ஊறும்படி நிரந்தர மந்திரம் ஏற்ற விரும்புகிறீர்கள். மூன்று முறை முயன்றும் மூன்று முறையும் தோற்றுவிட்டது. பழைய சேவுக்குத் திரும்பித் திரும்பி முயல்வதைத் தவிர, வெற்றி வாய்ப்பைக் கூட்ட வேறு வழி உண்டா என்று கேட்கிறீர்கள்.

வழி உண்டு, ஒன்றுக்கு மேலாகவே உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு அதிர்ஷ்டம் இல்லாததால் மூன்று முறை தோற்கவில்லை. நீங்கள் முந்நூறு முறை முயன்றாலும் அந்த மோதிரம் அமையாது, ஏனென்றால் உங்கள் வாய்ப்பு பூஜ்யத்துக்கும் வெகு கீழே இருக்கிறது. அதை விளையாட்டு உங்களிடம் சொல்வதில்லை. 2002இல் வெளிவந்த இந்த விளையாட்டில் மந்திரமேற்றும் திரை, பொருளின் கொள்ளளவையும் நீங்கள் செலவிடும் புள்ளிகளையும் காட்டும். வெற்றி வாய்ப்பைக் காட்டாது. மோரோவின்டை இயக்க ஆர்வலர்கள் புதிதாக எழுதிய ஓபன்எம்டபிள்யூ என்ற மென்பொருள் வழியாக விளையாடுபவர்களுக்கு மட்டும் அதன் அமைப்புகளில் அந்த எண்ணைக் காட்டச் சொல்லும் தேர்வு ஒன்று இருக்கிறது. நீங்களும் அதில்தான் விளையாடுகிறீர்கள் என்றால் இதைப் படித்து முடித்தவுடன் முதல் வேலையாக அதை இயக்கிவிடுங்கள்.

எண் தெரியாதவர்களுக்காக, விளையாடுபவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் கணக்கு ஒன்று இருக்கிறது. என்சான்ட் திறனை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்டெலிஜென்ஸில் நாலில் ஒரு பங்கையும் லக்கில் எட்டில் ஒரு பங்கையும் அதோடு கூட்டுங்கள். வந்த தொகையிலிருந்து, மந்திரத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டரை வீதம் கழியுங்கள். மந்திரம் நிரந்தர வகையாக, அதாவது திரையில் கான்ஸ்டன்ட் எஃபெக்ட் என்று இருப்பதாக இருந்தால், இரண்டரைக்குப் பதில் ஐந்து கழியுங்கள். மிஞ்சுவது உங்கள் வெற்றி வாய்ப்பின் சதவீதம். விளையாட்டின் உள்ளே நடக்கும் கணக்கோடு ஓரிரு சதவீதம் முன்பின் இருந்தாலும், எதைச் செய்தால் பயன் உண்டு, எதைச் செய்தால் இல்லை என்று முடிவெடுக்க இது போதும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். 48, அதனோடு 65இன் கால் பங்கு 16, அதனோடு 40இன் அரைக்கால் பங்கு 5; ஆக 69. உங்கள் மோதிரத்துக்கு ஆகும் புள்ளிகள் 50. நிரந்தர மந்திரம் என்பதால் 250 கழிய வேண்டும். 69இலிருந்து 250 போனால் கழித்தல் 181. என்சான்ட் திறனையும் இன்டெலிஜென்ஸையும் 100 வரை வளர்த்துக்கொண்டு வந்தாலும் தொகை 130தான். அப்போதும் அந்த மோதிரம் கழித்தல் 120இல் நிற்கும். ஆகவே 'இன்னும் கொஞ்சம் திறனை வளர்த்துக்கொண்டு வருகிறேன்' என்ற திட்டம் இந்த மோதிரத்துக்குப் பலிக்காது.

இந்தக் கணக்கில் எவையெல்லாம் இல்லை என்பதையும் கவனியுங்கள். ஆன்மாவின் அளவு இதில் இல்லை. பெரிய ஆன்மாவை வைத்தால் மந்திரம் எளிதில் ஏறும் என்பது பரவலான நம்பிக்கை. நானும் பல மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆன்மா இரண்டு வேலைகளை மட்டுமே செய்கிறது. ஒன்று, பொருளுக்கு எவ்வளவு சார்ஜ், அதாவது பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும் மந்திரச் சக்தி, இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மற்றொன்று, அதன் மதிப்பு 400 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிரந்தர மந்திரம் ஏற்ற அனுமதி தருகிறது. கோல்டன் செயின்டின் மதிப்பு சரியாக 400, அசென்டட் ஸ்லீப்பருக்கும் அதேதான். அதனால்தான் இவ்விரண்டையும் எல்லாரும் தேடிப் போகிறார்கள். பொருளின் விலையும் கணக்கில் இல்லை. எக்ஸ்க்விசிட் ரிங்கின் கொள்ளளவு 120 என்பது நீங்கள் அதிகபட்சம் எத்தனை புள்ளிகளைத் திணிக்கலாம் என்பதற்கான எல்லை மட்டுமே. கொள்ளளவு மிச்சம் இருக்கிறதே என்று நிரப்புவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு வேர்.

தோற்றால் என்ன போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோதிரம் உங்களிடமே இருக்கும். சோல் ஜெம்மும் அதிலிருந்த ஆன்மாவும் போய்விடும். எனவே ஒரு முயற்சியின் உண்மையான விலை அந்த ஆன்மாதான். அசூராவின் நட்சத்திரம் கிடைத்துவிட்டால் கல்லை மீண்டும் மீண்டும் தேடும் தொல்லை தீரும். வெறும் சோல் ஜெம் போலன்றி அது பயன்படுத்திய பிறகும் அழியாது.

இனி, வாய்ப்பைக் கூட்டும் வழிகளுக்கு வருகிறேன். என் அனுபவத்தில் இதை எல்லாரும் தலைகீழாகவே அணுகுகிறார்கள். திறனை ஒரு புள்ளி உயர்த்தினால் வாய்ப்பு ஒரு சதவீதம் கூடும். இன்டெலிஜென்ஸை ஒன்று உயர்த்தினால் கால் சதவீதம். ஆனால் மந்திரத்தின் செலவில் ஒரு புள்ளியைக் குறைத்தால் இரண்டரை சதவீதம், நிரந்தர மந்திரமானால் ஐந்து சதவீதம் கூடும். திறனை ஐந்து புள்ளி உயர்த்த மணிக்கணக்கில் விளையாட வேண்டும். செலவில் இரண்டு புள்ளி குறைக்கத் திரையிலுள்ள பட்டையைச் சிறிது இடப்பக்கம் நகர்த்தினால் போதும். எனவே முதலில் மந்திரத்தை வடிவமைக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

புள்ளிகள் எப்படிச் சேர்கின்றன? மந்திரத்தின் குறைந்தபட்ச வலிமையையும் அதிகபட்ச வலிமையையும் கூட்டி, அது நீடிக்கும் நொடிகளால் பெருக்கி, அந்த விளைவுக்கென்று விளையாட்டு வைத்திருக்கும் அடிப்படை விலையால் மீண்டும் பெருக்கி, 40ஆல் வகுத்தால் புள்ளிகள் வரும். நிரந்தர மந்திரத்துக்கு நொடிகளின் இடத்தில் 100 என்று வைத்துக்கொள்ளும். உயிர் ஊறும் விளைவின் அடிப்படை விலை 5. வலிமை 2இலிருந்து 2 வரை என்றால் கூட்டுத்தொகை 4. அதை 100ஆலும் 5ஆலும் பெருக்கி 40ஆல் வகுத்தால் 50. நீங்கள் திரையில் கண்ட எண் இதுதான். தொலைவிலுள்ள இலக்கின் மேல் எறியும்படி அமைத்தால் இந்தச் செலவு ஒன்றரை மடங்காகும். தொட்டாலோ தன்மேல் செலுத்தினாலோ அந்தக் கூடுதல் இல்லை. ஆகவே தேவையில்லாத இடத்தில் 'டார்கெட்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்தக் கணக்குக்குள் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. நிரந்தர மந்திரத்தின் வலிமையை 2இலிருந்து 2 வரை என்று வைக்காமல் 1இலிருந்து 2 வரை என்று வையுங்கள். கூட்டுத்தொகை 4க்குப் பதில் 3 ஆகிவிடுவதால் செலவு 50இலிருந்து 37க்கு இறங்குகிறது. 'அப்படியானால் சில சமயம் 1தானே கிடைக்கும்' என்று தோன்றும். கிடைக்கும்தான். ஆனால் நிரந்தர மந்திரத்தில் அந்த எண் நொடிக்கு நொடி மாறுவதில்லை. பொருளை அணியும் கணத்தில் ஒருமுறை உருட்டப்படுகிறது, கழற்றும் வரை அப்படியே நிற்கிறது. மோதிரத்தைப் போடுகிறீர்கள், 1 வருகிறது. கழற்றிவிட்டு மறுபடி போடுகிறீர்கள், 2 வருகிறது. அதன்பின் கழற்றாமல் இருந்தால் சரி. வலிமை பெரிதாகப் பெரிதாக இந்தச் சலுகையும் பெரிதாகிறது. உடல்வலிமையை 20 கூட்டும் நிரந்தர மந்திரத்தை 20இலிருந்து 20 வரை என்று வைத்தால் 100 புள்ளிகள் ஆகும். 1இலிருந்து 20 வரை என்று வைத்தால் 52 போதும். சில நிமிடங்கள் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தால் 18 அல்லது 19 வந்துவிடும்; 20தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு இன்னும் சிறிது நேரம் ஆகும்.

அடுத்தது, ஒரே பொருளில் பல விளைவுகளை அடுக்குவது. இங்கே விளையாட்டு கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொள்கிறது. இரண்டாவது விளைவைச் சேர்க்கும்போது முதல் விளைவின் செலவும் மறுபடி சேர்க்கப்படும். நீருக்கடியில் மூச்சுவிடும் விளைவையும் 1 வலிமையுள்ள பறக்கும் விளைவையும், ஒவ்வொன்றும் 60 நொடி நீடிக்கும்படி, தேவைப்படும்போது பயன்படுத்தும் வகையில் ஒரே மோதிரத்தில் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். இரண்டின் அடிப்படை விலையும் 3. தனித்தனியே எடுத்தால் ஆளுக்கு 9 புள்ளிகள். கூட்டினால் 18 என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மையில் 27 ஆகிறது. உங்கள் 69இலிருந்து 67 கழிந்து, வாய்ப்பு 2 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது. அதையே இரண்டு மோதிரங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சுமார் 46 சதவீதம். முதல் வகையில் சராசரியாக ஐம்பது ஆன்மாக்களுக்கு மேல் எரியும். இரண்டாம் வகையில் நாலைந்தில் முடிந்துவிடும்.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரிக்கத் தொடங்கிவிடாதீர்கள். அதே இரண்டு விளைவுகளையும் 30 நொடிக்கு வைத்தால் ஒன்றாக 13 புள்ளிகள், தனியாக ஆளுக்கு 4 புள்ளிகள். ஒன்றாகச் செய்தால் வாய்ப்பு 37 சதவீதம், சராசரியாக மூன்றுக்குச் சற்றுக் குறைவான ஆன்மாக்கள். பிரித்துச் செய்தால் ஒவ்வொன்றுக்கும் 59 சதவீதம், இரண்டுக்கும் சேர்த்து மூன்றரை. இங்கே சேர்த்துச் செய்வதே சிக்கனம், ஒரு விரலும் மிச்சம். செலவு சிறிதாக இருக்கும்போது சேர்க்கலாம், பெரிதாகும்போது பிரிக்க வேண்டும்; எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது உங்கள் திறனைப் பொறுத்தது. சேர்ப்பதென்று முடிவெடுத்தால் மலிவான விளைவை முதலிலும் விலை கூடியதைக் கடைசியிலும் சேருங்கள். முதலில் வைப்பதுதான் மீண்டும் மீண்டும் எண்ணப்படுகிறது என்பதால் வரிசையை மாற்றினாலே சில புள்ளிகள் குறையும்.

இந்த இரண்டு பழக்கங்களையும் கைக்கொண்டால், இப்போதிருக்கும் 48 திறனைக் கொண்டே உங்களால் நிறையச் செய்ய முடியும். கத்தி ஒன்றில், பட்டவுடன் 10 நொடிக்கு ஆன்மாவைப் பிடிக்கும் சோல்ட்ராப் விளைவை ஏற்ற ஒரே ஒரு புள்ளிதான் ஆகும். வாய்ப்பு 66 சதவீதம். உயிரை நொடிக்கு 2 வீதம் 10 நொடிக்கு மீட்கும் மோதிரம் 5 புள்ளிகள். வாய்ப்பு 56 சதவீதம். இவற்றுக்குக் கோல்டன் செயின்ட் தேவையே இல்லை. ஸ்கேம்ப் என்ற சிறிய உயிரினத்தின் ஆன்மா 100 மதிப்புள்ளது. அது காமன் சோல் ஜெம்மிலேயே அடங்கும். பொருளைப் பயன்படுத்தும்போது ஆகும் சார்ஜும் உங்கள் என்சான்ட் திறனுக்கு ஏற்பக் குறையும். 110இலிருந்து திறனைக் கழித்து மிஞ்சுவது எத்தனையோ அத்தனை சதவீதம்தான் செலவாகும். உங்கள் நிலையில் 9 புள்ளி மோதிரம் ஒரு முறைக்கு 5 அல்லது 6 சார்ஜை மட்டுமே எடுக்கும் என்பதால், ஸ்கேம்ப் ஆன்மா போட்ட மோதிரத்தைப் பதினாறு பதினேழு முறை தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சோல்ட்ராப் கத்தியை முதலில் செய்துகொள்ளச் சொல்வேன். மற்ற எல்லா முயற்சிகளுக்கும் தேவைப்படும் ஆன்மாக்களை அதுவே கொண்டுவந்து தரும். திறனும் அதோடு வளரும். மந்திரப் பொருட்களைப் பயன்படுத்துவதால் என்சான்ட் சிறிது சிறிதாகவும், தீர்ந்த பொருளுக்கு ஆன்மாவைக் கொண்டு மீண்டும் சார்ஜ் ஏற்றுவதால் இன்னும் வேகமாகவும் உயர்கிறது. சின்ன ஆன்மாக்களை விற்றுக் காசாக்காமல் இதற்குப் பயன்படுத்துங்கள்.

பணம் கொடுத்துப் பயிற்சி பெறுவதும் உண்டு. ஆனால் அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. எந்தத் திறனையும் அதை ஆளும் பண்பின் அளவுக்கு மேல் பயிற்சியால் உயர்த்த முடியாது. என்சான்டை ஆள்வது இன்டெலிஜென்ஸ். உங்களுக்கு அது 65 என்பதால் பயிற்சியும் 65இல் நின்றுவிடும். நிலை உயரும்போது இன்டெலிஜென்ஸுக்கு ஐந்து புள்ளிகள் கிடைக்க வேண்டுமானால், அந்த நிலைக்குள் அது ஆளும் ஆல்கெமி, கான்ஜுரேஷன், என்சான்ட், செக்யூரிட்டி ஆகிய நான்கிலும் சேர்த்துப் பத்து முறை உயர்வு இருக்க வேண்டும். போஷன் என்ற மருந்துகளைத் தயாரிக்கும் ஆல்கெமி அதற்கு மிக எளிய வழி. அது கீழே வேறொரு காரணத்துக்காகவும் தேவைப்படப் போகிறது. லக்கைப் பற்றி ஒரே வார்த்தை: இந்த ஒரு காரியத்துக்காக அதில் புள்ளி போடாதீர்கள். நிலைக்கு ஒரு புள்ளிதான் கூட்ட முடியும். எட்டு நிலைகள் அதில் போட்டால்தான் ஒரு சதவீதம் கிடைக்கும்.

பாத்திரத்தை இனிமேல்தான் புதிதாக உருவாக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹை எல்ஃப் இனத்துக்கு என்சான்டில் 10 கூடுதல் உண்டு. மந்திரத்தைச் சிறப்புத் துறையாகக் கொண்டு, என்சான்டை முதன்மைத் திறனாக வைத்தால் 45இல் தொடங்கலாம்; இன்டெலிஜென்ஸையும் விருப்பப் பண்பாக எடுத்தால் அது 60இல் தொடங்கும். அதாவது இப்போது நீங்கள் நிற்கும் இடத்துக்கு மிக அருகில், விளையாட்டைத் தொடங்கும்போதே நிற்கலாம்.

இவ்வளவும் சின்ன, நடுத்தர மந்திரங்களுக்குப் போதும். நிரந்தர மோதிரத்துக்குப் போதாது. அதற்கு இரண்டே வழிகள்தாம்: மருந்து, அல்லது காசு.

மருந்து என்றால் இன்டெலிஜென்ஸைத் தற்காலிகமாக உயர்த்தும் போஷன். ஆஷ் யாம், ப்ளோட், நெட்ச் லெதர் ஆகிய மூன்றுக்கும் இந்தக் குணம் பொது. இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் போஷன் அமையும். எதிர்பாராத பக்க விளைவு வேண்டாம் என்றால் சேர்க்கும் இரண்டுக்கும் வேறு பொதுக் குணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே வகைப் போஷனை ஒன்றன்மேல் ஒன்றாகக் குடித்தால் அவற்றின் பலன்கள் கூடிக்கொண்டே போகும், ஒன்று மற்றொன்றை அழிக்காது. மந்திரமேற்றும் திரை திறந்திருக்கும்போது விளையாட்டில் நேரம் ஓடுவதில்லை என்பதால் போஷனின் ஆயுள் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நிமிடம் நீடிப்பதே ஏராளம்.

நான் செய்யும் முறை இது. இருப்புத் திரையில் போஷன்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாத்திரத்தின் உருவத்தின் மேல் விட்டுக் குடிக்க வைப்பேன். பிறகு திரையை மூடி, ஒரு நொடி விளையாட்டுக்குள் வந்துவிட்டு, மறுபடி திறந்து, இன்டெலிஜென்ஸ் எவ்வளவுக்கு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். எண் போதுமானதாக இருந்தால் நிரம்பிய சோல் ஜெம்மை அதே உருவத்தின் மேல் இழுத்துவிட்டு மந்திரமேற்றத் தொடங்குவேன். போதவில்லை என்றால் ஜெம்மைத் தொடுவதே இல்லை. இந்த ஒரு நொடிச் சரிபார்ப்பைச் சோம்பலால் விட்டுவிட்டு, அரை மணி நேரம் அலைந்து பிடித்த கோல்டன் செயின்ட் ஆன்மாவை நான் ஒருமுறை இழந்திருக்கிறேன். குடித்ததாக நினைத்த போஷன்களில் பாதி வேறு வகையைச் சேர்ந்தவை.

எவ்வளவு ஏற வேண்டும்? உங்கள் மோதிரத்தை 1இலிருந்து 2 வரை என்று மாற்றி, 37 புள்ளிகளில் செய்வதாக வைத்துக்கொள்வோம். கழிய வேண்டியது 185. நூற்றுக்கு நூறு வாய்ப்பு வேண்டுமானால் தொகை 285 ஆக வேண்டும். திறனும் லக்கும் சேர்ந்து 53 தருகின்றன. மீதி 232ஐ இன்டெலிஜென்ஸ் தர வேண்டும். நாலில் ஒரு பங்குதான் கணக்கில் சேரும் என்பதால் இன்டெலிஜென்ஸ் 928 ஆக வேண்டும். பழைய வடிவத்தில், 50 புள்ளிகளில் என்றால் 1188 ஆக வேண்டியிருக்கும். வடிவமைப்பில் செய்த சிறிய மாற்றம் 260 புள்ளி மருந்தை மிச்சப்படுத்திவிட்டது. பாதி வாய்ப்பு போதும், தோற்றால் இன்னொரு கோல்டன் செயின்டைத் தேடிக்கொள்கிறேன் என்றால் 728 போதும்.

இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். போஷனின் வலிமையைத் தீர்மானிக்கும் கணக்கில் இன்டெலிஜென்ஸும் ஒன்று. எனவே இன்டெலிஜென்ஸ் போஷனைக் குடித்துவிட்டுப் புதிய இன்டெலிஜென்ஸ் போஷன் தயாரித்தால் அது முந்தியதைவிட வலிமையாக வரும். அதைக் குடித்து இன்னொன்றைத் தயாரித்தால் மேலும் வலிமையாகும். இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை. இருபது முப்பது சுற்றுகளில் எண்கள் கட்டுக்கடங்காமல் போய்விடும். மோரோவின்டின் மிகப் பிரபலமான ஓட்டை இதுதான். இதைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது அவரவர் விருப்பம். என் கருத்தைக் கேட்டால், நாலைந்து சுற்றுகளோடு நிறுத்திக்கொண்டு மோதிரத்தைச் செய்துகொள்வதில் தவறில்லை என்பேன். அதற்கு மேல் போனால் ஒரே மாலையில் வாங்க ஒன்றும் இல்லாமல், வெல்ல ஒருவரும் இல்லாமல் ஆகிவிடுகிறது. பிறகு விளையாட என்ன மிச்சம் இருக்கும் என்று தெரியவில்லை.

ஓட்டை வேண்டாம், நேர் வழியே போதும் என்றால் காசு இருக்கிறது. மந்திரமேற்றும் தொழில் செய்பவர்களிடம் கொடுத்தால் தோல்வி என்பதே கிடையாது. பல்மோரா ஊரின் மந்திரவாதிகள் சங்கமான மேஜஸ் கில்டிலேயே கல்பெதிர் என்பவள் இருக்கிறாள். அதே கில்டைச் சேர்ந்த அஜிராவின் பேச்சைக் கேட்டு அவள் மேசைக்குள் போலி சோல் ஜெம்மை வைத்தவர்களுக்கு அவளை நினைவிருக்கும். அதற்காக அவள் உங்கள் வேலையைச் செய்ய மறுப்பதில்லை. ஆன்மாவும் பொருளும் உங்களுடையவையாக இருக்க வேண்டும், கூலி தனி. அந்தக் கூலியும் அதே புள்ளிகளைப் பொறுத்தே ஏறுகிறது. நிரந்தர மோதிரத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் ஆகும். எனவே 1இலிருந்து 2 வரை என்ற வடிவமைப்பு இங்கேயும் நேரடியாகக் காசை மிச்சப்படுத்துகிறது. பேரம் பேசும் மெர்க்கன்டைல் திறனும் அவளுக்கு உங்கள்மேல் உள்ள நல்லெண்ணமும் கூடுதலாக இருந்தால் கூலி இன்னும் குறையும் என்பதால், முதலில் பேசிப் பழகி நல்லெண்ணத்தை உயர்த்திவிட்டு வேலையைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்றால், கல்தேரா ஊரில் கோராக் மேனர் என்ற மாளிகையின் உள்ளே க்ரீப்பர் என்ற ஸ்கேம்ப் இருக்கிறது. அதனிடம் 5000 கோல்ட் இருக்கும். பொருளுக்கு உள்ள முழு விலையைப் பேரம் பேசாமல் தரும். 24 மணி நேரம் கழிந்தால் அதன் கையிருப்பு மீண்டும் நிரம்பும். விலையுயர்ந்த ஆயுதங்களைக் கொடுத்து, மீதிக்குச் சின்னப் பொருட்களைத் திரும்ப வாங்கி, அவற்றை மறுநாள் விற்பது என்று நாலைந்து நாட்கள் அங்கேயே உறங்கி எழுந்தால் கூலி சேர்ந்துவிடும். சுவாரசியமான வேலை என்று சொல்ல மாட்டேன்.

கடைசியாக, சேவ் செய்து திரும்பித் திரும்பி முயல்வதைப் பற்றி. அதை ஏளனம் செய்பவன் அல்ல நான். 40 சதவீத வாய்ப்புள்ள மோதிரத்தை இரண்டு மூன்று முறையில் முடித்துவிடலாம். அது பயன்படாத இடம் ஒன்றுதான்: கணக்கின் விடை பூஜ்யமோ அதற்குக் கீழோ இருக்கும் இடம். ஒரே மந்திரத்தை ஏழெட்டு முறை முயன்றும் ஏறவில்லை என்றால் உங்கள் விரல்களை நோகாமல் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இதே தொடரின் ஆப்லிவியனிலும் ஸ்கைரிமிலும் மந்திரமேற்றுவதில் தோல்வி என்பதையே எடுத்துவிட்டார்கள். அவற்றை விளையாடிவிட்டு இங்கே வருபவர்களுக்குத்தான் இந்தத் தடுமாற்றம் அதிகம்.

ஆகவே இப்போதைக்கு அந்தக் கோல்டன் செயின்ட் ஆன்மாவைத் தொடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள். இன்று ஒரு சோல்ட்ராப் கத்தியும், ஸ்கேம்ப் ஆன்மாவில் 5 புள்ளி மோதிரம் ஒன்றும் செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று நான்கு ஆன்மாக்கள் போகலாம். பிறகு மருந்தா காசா என்பதை முடிவு செய்யுங்கள். எதுவானாலும் திரையில் குறைந்தபட்சப் பட்டையை 1இல் விட்டுவிட்டு, அதிகபட்சப் பட்டையை மட்டும் 2க்கு நகர்த்தி, செலவு 37 என்று காட்டுகிறதா என்று பார்த்த பின்னரே பொத்தானை அழுத்துங்கள்.